ஆண்டுக்கு ஒரு கோடி பேர் இறக்கும் நாட்டில் ஐந்து லட்சம் ஒரு கணக்கா?

2025 ஜூன் 9

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் கேட்டது:

“கேரளாவில் மறுபடியும் கொரோனா என்று தொலைக்காட்சியில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி பேர் இறக்கிறார்கள். கொரோனாவில் மொத்தமாகவே 5.3 லட்சம் பேர்தான், அதுவும் மூன்று ஆண்டுகளில். சாலை விபத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேர் போகிறார்கள். அதற்காக யாராவது நாட்டைப் பூட்டினார்களா? இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்கள். எப்படியும் போயிருப்பார்கள். பயத்தை விற்றுப் பிழைத்தார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.”

2025 ஜூன் 9, இரவு

அண்ணா, எண்ணோடுதான் வருகிறேன். கேரள எல்லையில், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அக்ஷயா மையம் (அரசுச் சேவைகளுக்கு இணையத்தில் விண்ணப்பித்துக் கொடுக்கும் மையம்) நடத்துகிறேன். கொரோனா மரணத்துக்கான 50,000 ரூபாய் நிவாரண விண்ணப்பங்களை இந்தப் பகுதியில் நிறையப் பேருக்கு நிரப்பிக் கொடுத்தவள். நீங்கள் சொல்லும் 5.3 லட்சம் எப்படி உருவானது என்பதை அடிமட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அது இறந்தவர்களின் எண்ணிக்கை அன்று. பரிசோதனை நடந்து, முடிவு பாசிட்டிவ் என்று வந்து, அது அரசுப் பட்டியலில் ஏறி, இறந்த பிறகு ஒரு மருத்துவரோ குழுவோ கொரோனாதான் என்று எழுதி, அந்தக் காகிதம் தலைநகரம் வரை போய்ச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆள் கணக்கில் வரமாட்டார்.

எதனால் இறந்தாலும் பெயர் ஏறும் ஏடு ஒன்று இருக்கிறது: பிறப்பு, இறப்புப் பதிவேடு. நாடு முழுவதும் அதில் பதிவான மரணங்கள் 2019இல் 76.4 லட்சம். 2020இல் 81.2 லட்சம். 2021இல் 102.2 லட்சம். இந்தக் கடைசி எண்ணை மத்திய அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடியிருக்கிறது. அதே 2021இல் கொரோனா மரணம் என்று அரசு அறிவித்தது ஏறக்குறைய 3.3 லட்சம். மிச்சப் பேர் எதனால் இறந்தார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நம் நாட்டில் போரும் நடக்கவில்லை, பஞ்சமும் வரவில்லை.

2025 ஜூன் 10

விபத்துக் கணக்கை நேற்று விட்டுவிட்டேன். 2021இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 1.53 லட்சம். பெரிய எண், வெட்கப்பட வேண்டிய எண். ஆனால் விபத்து ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குத் தாவாது. இந்த வாரம் பத்து, அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்த வாரம் நாற்பது என்று பெருகாது. 2021 மே மாதத்தில் கோயம்புத்தூர் தினசரித் தொற்றில் சென்னையையே முந்தியது. அந்த நாட்களில் ஆத்துப்பாலத்து மயானத்தில் காத்திருந்தவர்களிடம் விபத்துக் கணக்கைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஊரடங்கும் முகக்கவசமும் ஆக்சிஜனும் இத்தனையும் இருந்தபோது இறந்தவர்களின் எண்ணிக்கை இது. கஞ்சிக்கோட்டு ஆலையிலிருந்து ஆக்சிஜன் டேங்கர்கள் வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கே போதாது என்று கேரள அரசு கைவிரிக்க வேண்டிய நிலையும் அந்த மே மாதத்தில் வந்தது. எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அந்த லாரிகளைப் பார்க்கவில்லை.

2025 ஜூன் 11

உடுமலையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “கேரளாவில் 72,000 மரணம். தமிழ்நாட்டில் 38,000. மக்கள்தொகையில் கேரளா தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. பெருமையடித்த கேரள சுகாதாரம் எங்கே போயிற்று?”

எல்லையில் வசிக்கும் எங்களுக்கு இது பழகிப்போன கேள்வி. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் “உங்க ஊரில்தான் செத்துக்கிட்டே இருக்காங்களே” என்பார்கள். பாலக்காட்டுக்குப் போனால் தமிழ்நாட்டிலிருந்துதான் நோய் வருகிறது என்பார்கள்.

கேரளத்தின் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே மரணப் பதிவு ஏறக்குறைய முழுமையானது. 2019இல் சுமார் 2.7 லட்சம் மரணங்கள். 2020இல் 2.5 லட்சம், அதாவது கொரோனா வந்த முதல் ஆண்டில் மரணம் குறைந்தது. 2021இல் அது சுமார் 3.4 லட்சமாக எகிறியது. 2019உடன் ஒப்பிட்டால் 70,000 கூடுதல். கேரளம் கடைசியில் ஒப்புக்கொண்ட கொரோனாக் கணக்கும் 72,000தான். அதில் 2020, 2022ஆம் ஆண்டுகளின் மரணங்களும் உண்டு என்பதால் இரண்டும் அச்சாகப் பொருந்தாது. ஆனால் இரண்டும் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. இந்தியா முழுவதற்கும் இப்படி ஒப்பிட்டால் ஒன்று மலை, மற்றொன்று மடு.

கேரளம் தொடக்கத்திலிருந்தே யோக்கியமாக எண்ணியது என்று நான் சொல்லவில்லை. முதல் ஓராண்டுக்கும் மேலாக ஒரு மாநிலக் குழு திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து, வேறு நோயும் இருந்தது என்று பல மரணங்களைக் கழித்துவிட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு 2021 ஜூனில் முடிவெடுக்கும் பொறுப்பு கீழே வந்தது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிவாரணத் தொகையை உறுதிசெய்த பிறகு, பழைய மரணங்கள் ஆயிரக்கணக்கில் பட்டியலில் ஏறின. அந்தச் சமயத்தில் தினசரி அறிக்கையைப் பார்த்தவர்கள் கேரளத்தில் புதிதாகக் கொத்துக் கொத்தாக இறக்கிறார்கள் என்று பயந்தார்கள். உண்மையில் மாதங்களுக்கு முன்பு புதைத்தவர்களையும் எரித்தவர்களையும் அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சந்தையில் தராசைச் சரியாக வைத்தவனின் சாக்குத்தான் மற்றவர்களுடையதைவிடக் கனமாகத் தெரியும். தமிழ்நாடும் ஒரு முறை இப்படிச் செய்தது. சென்னை மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் அரசின் அறிக்கைக்கும் இடைவெளி இருப்பது வெளியானதும், 2020 ஜூலை 22 அன்று விட்டுப்போன 444 மரணங்களை ஒரேயடியாகச் சேர்த்தார்கள். நல்ல காரியம். அதைத் தொடர்ந்து செய்திருக்கலாம்.

கேரளத்தில் முதியவர்கள் அதிகம் என்பதும் உண்மை. 2011 கணக்கெடுப்பிலேயே அறுபது தாண்டியவர்கள் கேரளத்தில் 12.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4. முதியவர்களைத் தேடிக் கொல்லும் நோய்க்கு இந்த வித்தியாசமும் சேரும்.

2025 ஜூன் 12

ஆந்திரத்திலிருந்து எழுதும் பெரியவருக்கு: ஐயா, நான் சொல்லும் சித்தூர் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. உங்கள் சித்தூர் வேறு. “எங்கள் ஊரில் ஏது அக்ஷயா, ஏது தென்னந்தோப்பு” என்று நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். இரண்டு சித்தூரிலும் தமிழ் பேசுகிறார்கள், இரண்டும் எல்லையில் இருக்கின்றன. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் உங்கள் ஊரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில் வேலூர் மாவட்ட நிர்வாகம் உங்கள் மாவட்ட எல்லையிலுள்ள சைனகுண்டாவில் சாலைக்குக் குறுக்கே சுவரே கட்டியது, நாடு சிரித்த பிறகு இடித்தது. ஆந்திரத்தின் அதிகாரபூர்வக் கணக்கு 14,733. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஆந்திர அரசு சொன்னபடி, அப்போதைய 14,000 சொச்சம் மரணத்துக்கு நிவாரணம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 36,000க்கும் மேல். அவற்றில் 31,000க்கும் மேற்பட்டவை தகுதியானவை என்று அரசே ஏற்றது. குஜராத்தில் 10,000 சொச்சத்துக்கு 89,000 விண்ணப்பங்கள். பொள்ளாச்சி அண்ணன் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அரசாங்கமே ஒரு கையால் 14,000 என்று எழுதிவிட்டு, மறு கையால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான குடும்பங்களுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.

கேரளத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே அந்த ஜனவரியில் விண்ணப்பங்கள் மரணக் கணக்கைவிடக் குறைவு. ஏன் இவ்வளவு பேர் கேட்கவில்லை, வீடு தேடிப் போங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

2025 ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை. மையம் பூட்டியிருக்கிறது, உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. கணக்கில் ஏறுவது எப்படி என்று இரண்டு பேர் விவரம் கேட்டார்கள். என் பெரியப்பாவைப் பற்றியே எழுதுகிறேன்.

வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு. அறுபத்தாறு வயது, சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. 2021 மே மாதம் காய்ச்சல் வந்ததும் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் கூட்டிப் போனார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். பாலக்காட்டைவிடக் கோயம்புத்தூர் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பரிசோதனை. விண்ணப்பத்தில் மகளின் கோயம்புத்தூர் முகவரி. மே 14 அன்று பாசிட்டிவ். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு 25க்கு 18. பதினைந்து நாள் போல வைத்திருந்தார்கள். கையிருப்பு கரைந்தது. நெகட்டிவ் வந்துவிட்டது, இனி வீட்டில் ஆக்சிஜன் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். ஜூன் 2 விடியற்காலை வீட்டில் இறந்தார்.

பஞ்சாயத்தில் மரணத்தைப் பதியப் போன அண்ணன், “நெஞ்சு வலி” என்று சொல்லிவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முந்தைய வாரம்தான் அதே தெருவில் ஒருவரை உறையில் கட்டி நேராக மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். மனைவிகூட முகம் பார்க்கவில்லை. எங்கள் பெரியப்பாவைத் தோப்பு ஓரத்தில் வைத்து, எல்லாரும் வாய்க்கரிசி போட்டு அனுப்பினோம். அதற்கு விலை என்ன என்று டிசம்பரில் தெரிந்தது.

பெரியம்மா மஞ்சள் பையோடு மையத்துக்கு வந்தார். உள்ளே ஸ்கேன் படம், மருந்துக் கடைச் சீட்டுகள், “இருபுற நிமோனியா” என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி, ஆக்சிஜன் சிலிண்டர் வாடகை ரசீது. பரிசோதனை முடிவு மட்டும் காகிதமாக இல்லை, மகளின் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வந்தது, அந்தக் கைப்பேசி மாறிவிட்டது. இணையத்தில் ஏற்றினோம். கேரளத்துப் பட்டியலில் இந்தப் பெயருக்குப் பாசிட்டிவ் இல்லை என்று பதில் வந்தது. சரிதான், பரிசோதனை தமிழ்நாட்டில் அல்லவா? கோயம்புத்தூரில் விசாரித்தால், பாசிட்டிவ் இருக்கிறது, ஆள் குணமாகி வீட்டுக்குப் போனதாக இருக்கிறது, மரணம் இல்லை என்றார்கள். அதுவும் சரிதான், மரணம் கேரளத்தில். ஒரு மாநிலத்தில் அவர் குணமடைந்தவர், மற்றொரு மாநிலத்தில் மாரடைப்பில் இறந்தவர். இரண்டு ஏட்டிலும் கொரோனாவில் இறந்தவர் இல்லை.

இதற்கு மேல் பெயர்ச் சிக்கல். ஆதாரில் “பழனிச்சாமி”, மலையாளத்தில் எழுதிய பஞ்சாயத்துச் சான்றிதழில் “பளனிசாமி” என்ற மாதிரி ஒரு எழுத்துக் கோளாறு. (பெரியப்பாவின் பெயர் இதுவன்று, உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு மேசையிலும் ஓர் எழுத்து உதிர்ந்துவிடும்.

கடைசியில் காப்பாற்றியது 2021 செப்டம்பர் 3 அன்று வந்த வழிகாட்டுதல். பாசிட்டிவ் ஆன நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தால், மருத்துவமனைக்கு வெளியே இறந்தாலும், அது கொரோனா மரணம். மே 14க்கும் ஜூன் 2க்கும் இடையில் 19 நாள். ஆய்வகத்திலிருந்து முடிவின் நகலை வாங்கி, இரண்டு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கி, மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்தோம். 2022 நடுவில் பணம் வந்தது. அதாவது, பெரியப்பா இறந்து ஓர் ஆண்டு கழிந்த பிறகு கேரளத்தின் 72,000 பேரில் ஒருவர் ஆனார். மகள் கோயம்புத்தூரில் இல்லாமல் இருந்திருந்தால், நான் இந்த வேலையில் இல்லாமல் இருந்திருந்தால், ஆகியிருக்க மாட்டார்.

அதே மாதம் எங்கள் வரிசையில் நின்ற இன்னோர் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அவர் கணவர் தேங்காய் உரிக்கும் கூலி. பரிசோதனை செய்யவில்லை. வெளியே ஒரு ஸ்கேன் மையத்தில் படம் மட்டும் எடுத்தார்கள், அதில் “கோ-ராட்ஸ் 5” என்று இருந்தது, கொரோனாவாக இருக்க மிக அதிக வாய்ப்பு என்று பொருள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் பிக்கப் வண்டியிலேயே உயிர் போய்விட்டது. பரிசோதனை இல்லாவிட்டால், உள்நோயாளியாக இருக்கும்போது மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் உள்ளே போகவே இல்லை. படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இதில் வெள்ளையா தெரியுதே அம்மிணி, இது போதாதா” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். அந்த 50,000 மட்டுமா போயிற்று? வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாய் என்று கேரள அரசு அறிவித்ததும் போயிற்று.

அண்ணா, உங்கள் 5.3 லட்சத்தில் அந்த மனிதர் இல்லை.

2025 ஜூன் 16

“மரணச் சான்றிதழில் காரணம் எழுதியிருக்குமே, அதைக் காட்டியிருக்கலாமே” என்று ஒருவர் கேட்கிறார். எழுதியிருக்காது. பொதுமக்களுக்குக் கொடுக்கும் சான்றிதழில் மரணக் காரணத்தை வெளியிடக் கூடாது என்று 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே சொல்கிறது. உங்கள் வீட்டுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், பெயர், தேதி, இடம் இருக்கும், காரணம் இருக்காது. மருத்துவர் காரணத்தை எழுதும் படிவம் தனி, 2021இல் அது பதிவாளரோடு நின்றுவிடும். அதனால்தான் கொரோனாவுக்கென்று தனி ஆவணம் கொடுக்க வேண்டிவந்தது.

அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு செய்தி. 2021இல் நாட்டில் பதிவான மரணங்களில் நான்கில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்குத்தான் மருத்துவர் எழுதிய காரணம் இருக்கிறது. அந்தச் சிறு பங்கில் மட்டும் கொரோனா என்று எழுதப்பட்டவை சுமார் 4.13 லட்சம். அதே ஆண்டில் தினசரி அறிக்கைகளில் சேர்ந்த 3.3 லட்சத்தைவிட இதுவே அதிகம். மீதி முக்கால் பங்குக்குக் காரணமே எழுதப்படவில்லை.

2025 ஜூன் 20

பொள்ளாச்சி அண்ணன் பதில் எழுதியிருக்கிறார்: “சரி, எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கட்டும். வயதானவர்கள்தானே? உங்கள் பெரியப்பாவுக்கும் சர்க்கரை இருந்ததே.”

கோபமாகப் பதில் எழுதி, அதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கேரளத்தில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது. உங்கள் ஊரில் காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இவர்கள் எல்லாரும் எப்படியும் போகிறவர்களா? அறுபதைத் தொட்ட ஒருவர் கேரளத்தில் சராசரியாக இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்கிறார். பெரியப்பா அந்த ஆண்டு புதிதாகச் சொட்டுநீர் போட்டிருந்தார். நாலு நாளில் சாகப் போகிறவர் செய்யும் வேலையா அது?

வயதுக் கணக்கும் சொல்கிறேன். 2020இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வில், தொற்றியவர்களில் இறப்பவர்கள் 25 வயதில் பத்தாயிரத்தில் ஒருவர். 55 வயதில் ஆயிரத்தில் நான்கு பேர். 65 வயதில் நூறில் ஒன்று முதல் இரண்டு பேர். 85இல் நூறில் பதினைந்து பேர். “99 விழுக்காடு பிழைத்துக்கொள்வார்கள்” என்பது இளையவர்களுக்குச் சரி. ஆனால் விழுக்காடு சின்னதாக இருந்தாலும் அதை எதால் பெருக்குகிறோம் என்று பார்க்க வேண்டும். 2021 ஜூன், ஜூலையில் நடந்த தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில் 67.6 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. தடுப்பூசியால் வந்ததும் அதில் அடக்கம் என்றாலும், பெரும்பங்கு தொற்றால் வந்தது. 140 கோடிப் பேரில் பாதிப் பேருக்குத் தொற்றி, ஆயிரத்தில் மூன்று பேர் இறந்தார்கள் என்று வைத்தாலே 21 லட்சம்.

2025 ஜூன் 22

கம்பத்திலிருந்து ஒரு தங்கை 1918இன் இன்ஃப்ளுயன்சாக் கொள்ளைநோயை நினைவூட்டினார். நல்ல வேளை.

என் அப்புச்சி 1915இல் பிறந்தவர். அவருடைய அம்மா “விஷக் காய்ச்சலில்” போனதாகச் சொல்வார். முகம் நினைவில்லை, அம்மாவின் வெள்ளித் தண்டை ஒன்று மட்டும் வீட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இன்ஃப்ளுயன்சாவில் இறந்தவர்களில் மிகப் பலரின் மரணம் ஏட்டில் வெறுமனே “காய்ச்சல்” என்றுதான் ஏறியது. தொற்று ஓய்ந்ததும் அரசு அறுபது லட்சம் என்று மதிப்பிட்டது. 1921 கணக்கெடுப்பு எடுத்த பிறகுதான் திடுக்கிட்டார்கள், பத்து ஆண்டுகளில் இன்றைய இந்தியப் பகுதியின் மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருந்தது. அதன் பிறகு மதிப்பீடு ஒரு கோடியைத் தாண்டியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் வரை சொல்கிறார்கள். உலகக் கணக்கும் அப்படியே: 1927இல் 2.15 கோடி என்றார்கள், 2002இல் 5 கோடி என்றார்கள். ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வந்தபோதெல்லாம் எண் ஏறியது.

எனக்கு இதில் வலிப்பது ஒன்றுதான். கணினியும் ஆதாரும் இல்லாத 1918இல் “காய்ச்சல்” என்று எழுதினார்கள். எல்லாம் இருந்த 2021இல் “நெஞ்சு வலி” என்று எழுதினோம்.

2025 ஜூன் 29

முதல் நாள் எழுதியதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக யோசித்தேன். 21 லட்சம் கூடிற்று என்றேன். எதிர்த்துப் பேச விரும்புகிறவர் சொல்லக்கூடிய நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, இதுவரை யாரும் அதை எடுக்கவில்லை, நானே எடுத்து வைக்கிறேன். இந்தியாவில் மரணப் பதிவு ஆண்டுதோறும் மேம்பட்டு வருகிறது. முன்பு பதியாமல் விட்டவர்கள் இப்போது பதிகிறார்கள். 2018இல் 69.5 லட்சமாக இருந்தது கொரோனா வருவதற்கு முன்பே 2019இல் 76.4 லட்சமாகக் கூடியது. ஆகவே 2021இன் உயர்வில் ஒரு பங்கு, பதிவு கூடியதால் வந்தது. மத்திய அரசின் வாதமும் இதுதான்.

இதற்குப் பதில் 2022ஆம் ஆண்டின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஆண்டு பதிவானவை 86.5 லட்சம். 102.2இலிருந்து 86.5க்கு இறங்கிவிட்டது. மக்கள் பதியப் பழகியதால்தான் எண் கூடியது என்றால், மறு ஆண்டே பதினைந்து லட்சத்துக்கும் மேல் எப்படிக் குறையும்? முன்னும் பின்னும் தாழ்ந்து நடுவில் ஓர் ஆண்டு மட்டும் செங்குத்தாக நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சராசரி எடுத்துக் கழித்தால் ஏறக்குறைய 18 லட்சம். இது 2021இல் மட்டும், பதிவானவர்கள் மட்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்த நாட்டில் மரணங்களில் சுமார் 71 விழுக்காடுதான் பதிவாகியிருந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து இந்தியாவுக்கு 47 லட்சம் கூடுதல் மரணங்கள் (வழக்கமாக எதிர்பார்ப்பதற்கு மேல் நேர்ந்தவை) என்று 2022 மே மாதம் மதிப்பிட்டது. நம் அரசு அந்த முறையை ஏற்கவில்லை. ‘சயன்ஸ்’ இதழில் 2022 ஜனவரியில் வந்த ஆய்வு 2020 ஜூன் முதல் 2021 ஜூலை வரை 32 லட்சம் கொரோனா மரணங்கள் என்றது. 47 சரியா, 32 சரியா என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். ஐந்து லட்சத்தை ஆதரிக்கும் ஏடு எதையும் நான் பார்க்கவில்லை, அரசின் சொந்த ஏடு உட்பட.

2025 ஜூலை 3

மூணாற்றிலிருந்து ஒருவர் கேட்பது கனமான கேள்வி: கொரோனா வந்து இறந்தவர்களை மட்டும் எண்ணுவதா, கொரோனாக் காலத்தில் வழி அடைபட்டு இறந்தவர்களையும் எண்ணுவதா?

2020 மார்ச் இறுதியில் கர்நாடகம் தலப்பாடி எல்லையை மூடியது. காசர்கோட்டு மக்களுக்கு மங்களூர்தான் பெரிய மருத்துவமனை. ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டுப் பல நோயாளிகள் இறந்தார்கள். கேரள உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தலையிட வேண்டிவந்தது. எங்கள் பக்கத்திலும் தோப்புகளுக்கு நடுவே ஓடும் சிறு பாதைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். பெரிய சாலையில் பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர் ஒவ்வொரு முறையும் பாஸுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார். அந்த விண்ணப்பங்களையும் நான்தான் போட்டேன்.

என் கருத்து: இவர்களையும் எண்ண வேண்டும், ஆனால் கணக்கு ஏட்டில் தனிப் பத்தியில். இவர்களைக் கொன்றது கிருமி அன்று, நாம் எடுத்த முடிவுகள். கூடுதல் மரணம் என்ற கணக்கில் இரண்டும் கலந்துவிடுகின்றன. பொள்ளாச்சி அண்ணன் ஊரடங்கைக் குறை சொல்ல நினைத்தால் இந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு பேசலாம், நானும் கூட நிற்பேன். அதற்காகக் கிருமி கொன்றவர்களின் பத்தியைச் சுருக்க வேண்டியதில்லை.

பெட்டிமுடி பற்றி நீங்கள் எழுதியதும் மனதில் நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் மேல் மலை சரிந்தது. 66 உடல்கள் கிடைத்தன, நான்கு பேர் கிடைக்கவே இல்லை. ஆனாலும் இறந்தவர்கள் 70 என்றே எழுதினோம், ஒவ்வொரு பெயரும் தெரியும். உடலே கிடைக்காத நால்வரைக் கணக்கில் சேர்க்க முடிந்த அரசுக்கு, உடலும் ஸ்கேன் படமும் இருந்த கூலித் தொழிலாளியைச் சேர்க்க முடியவில்லை.

2025 ஜூலை 5

பொள்ளாச்சி அண்ணன் எழுதியிருப்பது: “18 லட்சம் என்பதை ஏற்கிறேன். ஊரடங்கு தவறு என்பதில் மாற்றமில்லை.” அது வேறு விவாதம். தனியே பேசலாம் அண்ணா.

2025 ஜூலை 13

எருத்தேம்பதியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: அப்பா 2021 ஜூனில் வீட்டில் இறந்தார், இன்றுவரை மரணமே பதியவில்லை, நிலம் மாற்ற முடியவில்லை, இப்போது என்ன செய்வது?

பதியலாம் அம்மா. 21 நாளுக்குள் என்றால் இலவசம், அது போய்விட்டது. ஓர் ஆண்டு கடந்துவிட்டதால் நேராகப் பஞ்சாயத்தில் பதிய மாட்டார்கள். முதலில் பஞ்சாயத்தில் தேடச் சொல்லி, பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் விண்ணப்பித்தால், விசாரித்து உத்தரவு தருவார்கள். அந்த உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தால் பஞ்சாயத்தில் தாமதக் கட்டணத்தோடு பதிவார்கள். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லி, மலையாள எழுத்தை ஒரு முறை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

கொரோனா நிவாரணம் தனி விஷயம், அதற்கான கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அப்பாவின் பரிசோதனை முடிவோ மருத்துவமனைச் சீட்டோ இருந்தால் எறிய வேண்டாம். திங்கட்கிழமை மையத்தில் கூட்டம் அதிகம், செவ்வாய் காலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.